மலையேறப் போகும் நாளில் சுகர் மாத்திரையை விட்டுவிடலாமா?

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 49. தனியார் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடமாக ரத்த அழுத்தம். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7.2. குடியிருப்பில் உள்ள பெண்களும் பள்ளியில் கூட வேலை பார்ப்பவர்களுமாகச் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு மலைக்கோ காட்டுப் பாதைக்கோ போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். "இருபது வருஷமாக எனக்கென்று ஒரு நாள் இருந்ததில்லை டாக்டர், இப்போதுதான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

சிக்கல் போன மாதம் வந்தது. திருக்கழுக்குன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பிடுவது என்று வெறும் வயிறு. மாத்திரையை மட்டும் காலை ஐந்தரைக்கே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதிப் படி தாண்டியதும் கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, கண் இருட்டல். உட்கார வைத்து யாரோ ஒரு மாம்பழ ஜூஸ் கொடுக்க, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. மேலே போய்த் தரிசனமும் ஆயிற்று. இறங்கியதும் முட்டியிலும் தொடையிலும் வலி, மூன்று நாள் படியிறங்க முடியவில்லை. அன்றிரவு மூன்று மணிக்கு உடம்பெல்லாம் நனைந்து விழித்திருக்கிறார். மாதவிடாய் நிற்கிற வயது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாராம்.

கணவர் "ஹார்ட்டாக இருக்கும், முட்டியும் தேய்ஞ்சிடும், இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார். குழுத் தலைவி "தண்ணி பத்தலை, இனிமே ரெண்டு மடங்கு குடி" என்கிறார். வரும் தை மாதப் பௌர்ணமிக்குப் பர்வதமலை என்று குழுவில் முடிவாகியிருக்கிறது, இரவில் ஏற்றம். இவர் கேட்பது இரண்டு கேள்விகள்: நான் போகலாமா? போகிற நாளில் மாத்திரையை விட்டுவிடலாமா? கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "அன்றைக்குப் பாதத்தில் ஒரு கொப்புளம் இருந்தது, எப்போது வந்ததென்றே தெரியவில்லை, வலிக்கவும் இல்லை."

சகோதரி, அந்தக் கடைசி வரிக்கு நான் கட்டாயம் திரும்பி வருவேன். உங்கள் வீட்டில் எல்லோரும் பயப்படுவது ஒன்று, ஒரு மருத்துவனாக நான் பயப்படுவது வேறொன்று. முதலில் படியில் நடந்ததைப் பார்ப்போம்.

அன்று நடந்தது என்ன?

நீங்கள் "எனக்கு மெட்ஃபார்மின்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மாத்திரை அட்டையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதி அனுப்பியதில் "கிளிமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி." என்று இருக்கிறது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. நம் ஊரில் இப்படிக் கூட்டு மாத்திரைகள் சர்வசாதாரணம். சாப்பிடுகிற பலருக்குத் தாங்கள் இரண்டு மருந்து சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது.

இந்த இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கிறது. அது மட்டும் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. அதனால்தான் அதை நாளின் முதல் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்கிறோம். நீங்கள் அதைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறப் போயிருக்கிறீர்கள். ஏறும்போது தொடைத் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை வேகமாக இழுக்கும். ஒரு பக்கம் மருந்து, இன்னொரு பக்கம் தசை, வயிற்றிலோ ஒன்றும் இல்லை. நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல், ஜூஸ் குடித்துப் பத்தே நிமிடத்தில் தெளிவு. இது தாழ்சர்க்கரையாக இருப்பதற்கே அதிக வாய்ப்பு. வெறும் தண்ணீர்ப் பற்றாக்குறை என்றால், பழச்சாற்றுக்கு இத்தனை வேகமாக அடங்கியிருக்காது.

சரி, கையில் கட்டியிருந்த கடிகாரம் அப்போது சர்க்கரை "112" என்று காட்டியது, அதனால் சர்க்கரை தாழவில்லை என்கிறீர்களே. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோலைக் குத்தாமல், மணிக்கட்டில் கட்டிக்கொண்டாலே சர்க்கரை அளவைச் சொல்லும் என்று விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அப்படி எந்தக் கருவிக்கும் அது அங்கீகாரம் கொடுத்திருக்கவில்லை. நடந்த தூரத்தையும் நாடித் துடிப்பையும் பார்க்க அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர்தான்.

அப்புறம் அந்த இரவு வியர்வை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் அப்படி வரும், உண்மைதான். ஆனால் தசைகள் நன்றாக உழைத்த நாளுக்குப் பிறகு, ஏறத்தாழ 24 மணி நேரம்வரை அவை சர்க்கரையை வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கும். களைப்பில் இரவு ஒரே ஒரு தோசையோடு படுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு மாத்திரையையோ வழக்கம்போலப் போட்டிருக்கிறீர்கள். மூன்று மணி வியர்வையும் தாழ்சர்க்கரையாக இருந்திருக்கலாம். இனி அப்படி விழித்தால் வயதின் மேல் பழி போடுவதற்கு முன் விரலைக் குத்திப் பாருங்கள்.

மாத்திரையை விடலாமா?

நீங்களாக விடக் கூடாது. ஆனால் அப்படியே போட்டுக்கொண்டும் போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டு மாத்திரையை விட்டால் இரண்டு மருந்தும் போய்விடும். சிலருக்கு அன்று பகல் முழுவதும் சர்க்கரை ஏறி, தாகமும் சிறுநீரும் அதிகமாகி, வெயிலில் உடம்பின் நீர் இன்னும் வேகமாக வற்றும். வழக்கமாக நாங்கள் செய்வது இதுதான்: மலையேறும் நாளுக்கென்று மெட்ஃபார்மினைத் தனியாக எழுதிக்கொடுத்து, கிளிமிபிரைடைக் குறைப்போம், அல்லது நிறுத்தி வைப்போம், அல்லது சாப்பிடும் நேரத்துக்குத் தள்ளி வைப்போம். அன்றைய இரவு மாத்திரைக்கும் சேர்த்துக் கேளுங்கள், பலர் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அடிக்கடி இப்படிச் சர்க்கரை தாழ்ந்தால், தாழ்த்தாத வேறு வகை மருந்துக்கு மாற்றுவதைப் பற்றியும் பேசலாம்.

ரத்த அழுத்த மாத்திரையும் கூட்டு மாத்திரைதான். டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியச் செய்யும் மருந்து இருக்கிறது. வியர்த்து நீரும் உப்பும் போகிற நாளில் இது எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கலாம், ரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கலாம். இங்கேதான் உங்கள் குழுத் தலைவியின் யோசனையில் எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டு மடங்கு வெறும் தண்ணீர் குடித்தால் சோடியம் இன்னும் நீர்த்துப் போகும். தாகத்துக்கு ஏற்றபடி, மணிக்கு அரை லிட்டரை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்க்கும் நடை என்றால் ஓ.ஆர்.எஸ். கரைத்த ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்ததில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய அளவல்ல. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்பான பானம் வேறு, இது வேறு. மருந்துக் கடையில் தூள் பாக்கெட்டாகக் கேட்டு வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள்.

விரதத்தைப் பற்றி உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. வெறும் வயிற்றோடுதான் ஏற வேண்டும் என்று மனதுக்குப் பட்டால், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அன்றைய மாத்திரையைத் தரிசனம் முடிந்து சாப்பிடும்போது போட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முடியுமானால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி சாப்பிடுவதே என் விருப்பம். அடிவாரத்தில் விரலைக் குத்திப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட்டு, பதினைந்து நிமிடம் பொறுத்து ஏறுங்கள். 300-க்கு மேல் இருந்தால் அன்று ஏற வேண்டாம், கீழேயே இருங்கள். நடுவில் முக்கால் மணிக்கு ஒரு முறை ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள்.

நடுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே உட்காருங்கள், "அந்த வளைவு வரைக்கும் போயிடலாம்" என்று தள்ளாதீர்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, பார்க்க முடியாத நிலையிலோ, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூள் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்குச் சரிப்படாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதைக் கூட வருகிற இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது குழுவில் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மறைப்பதில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. மலையில் உங்களுக்கு முதல் உதவி செய்யப்போவது அவர்கள்தான்.

முட்டி தேய்ந்துவிடுமா?

உங்கள் கணவரைப் போலவே நம் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள், முட்டி என்பது செருப்பு மாதிரி, நடக்க நடக்கத் தேயும் என்று. அப்படி இல்லை. முட்டியில் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அசைவால் அழுந்தி விரியும்போதுதான் அதற்கு ஊட்டமே போகிறது. அளவான நடையும் ஏற்றமும் முட்டிக்கு நல்லவை. எடை கூடுவதும் தொடைத் தசை மெலிவதும்தான் கெடுதல். முட்டித் தேய்மானம் உள்ள, எடை கூடிய முதியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைந்தது தெரியவந்தது.

உங்களுக்கு வந்த வலி ஏறியதால் வந்ததில்லை, இறங்கியதால் வந்தது. படியிறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். பழக்கமில்லாத தசைக்கு இது கடும் வேலை. ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு நாளில் தானாக வடியும். நீங்கள் சொன்ன கணக்கும் அதுவேதான். முட்டி வீங்கியிருந்தாலோ, நடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கிக் கொடுத்தாலோ, இரவில் தூக்கம் கெடும்படி வலித்தாலோ மட்டும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இது எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

இதற்கு ஒரு வைத்தியம் சொல்கிறேன், வீட்டில் சிரிப்பார்கள். உங்கள் குடியிருப்பில் ஐந்து மாடி, லிஃப்ட் இருக்கிறது என்கிறீர்கள். எல்லோரும் உடற்பயிற்சி என்று படியில் ஏறி லிஃப்டில் இறங்குவார்கள். நீங்கள் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். இறங்குவதற்கு மூச்சு வாங்காது, இதயத்துக்குப் பளு குறைவு, தசைக்கோ வேண்டிய பயிற்சி முழுதாகக் கிடைக்கும். தைவானில் உடல் பருமனுள்ள மூத்த பெண்களில் ஒரு பகுதியினரைப் படியேறவும் இன்னொரு பகுதியினரைப் படியிறங்கவும் மட்டும் 12 வாரம் பழக்கினார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் தொடை வலிமையிலும் இன்சுலின் வேலை செய்யும் திறனிலும் இறங்கியவர்களே முன்னே நின்றார்கள். கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே, மெதுவாக, வாரம் மூன்று நாள், முதல் வாரம் இரண்டே இரண்டு தடவை. வலி வராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு மாதம் கழித்து ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மாடி பத்து அடி என்று வைத்தால், ஐந்து மாடியைப் பத்துத் தடவை ஏறி இறங்கினால் 500 அடி, கிட்டத்தட்ட திருக்கழுக்குன்றம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாதபோது இதைவிட வசதியான மலை கிடைக்காது.

மலையில் இறங்கும்போது ஊன்றுகோல் பிடியுங்கள். வயதானவர் மாதிரி தெரியுமே என்று கூச்சப்பட வேண்டாம், இமயமலை போகிறவர்கள்கூட இரண்டு கோல் பிடிக்கிறார்கள்.

இதயம்

கணவரின் பயத்தை முழுதாக ஒதுக்கவும் மாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், உட்கார்ந்த வேலை, மாதவிடாய் நிற்கும் வயது, இத்தனையும் சேர்ந்தவருக்கு இதயத்தைப் பற்றி யோசித்துத்தான் ஆக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. வழக்கமில்லாத மூச்சிரைப்பு, தாடை வலி, மேல்வயிற்று எரிச்சல், காரணம் தெரியாத அசதி என்று வரலாம். வழக்கமான ஏற்றத்திலேயே இப்படி எதுவும் வந்து, நின்றதும் அடங்கினால், அதுதான் முக்கியமான அறிகுறி. அப்போது மலையெல்லாம் அப்புறம், முதலில் இதய மருத்துவர்.

தட்டையான நடைக்கும் சிறு குன்றுக்கும் எல்லோரும் டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் பர்வதமலை போன்ற கடினமான ஏற்றத்துக்கு முன்பு உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஈசிஜியும் தேவைப்பட்டால் டிரெட்மில்லும் செய்துகொள்வது நியாயம். அதில் "நார்மல்" என்று வந்தால் உத்தரவாதச் சீட்டு கிடைத்ததாக நினைக்க வேண்டாம். ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பைத்தான் அது பெரும்பாலும் காட்டும். வேகத்துக்கு எளிய அளவுகோல்: ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். முன்னால் போகிறவர்கள் போகட்டும்.

கண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், கடுமையான ஏற்றத்துக்கு முன் அதையும் முடியுங்கள்.

வலிக்காத கொப்புளம்

இப்போது அந்தக் கடைசி வரி. செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறியிருக்கிறீர்கள், இறங்கும்போது மணி பதினொன்று. கல் படி எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசியுங்கள். கூட வந்தவர்கள் துள்ளித் துள்ளி ஓடி இறங்கினார்கள், நான் மட்டும் நிதானமாக வந்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அது நிதானம் இல்லாமல் இருக்கலாம். பாதத்தின் உணர்வு நரம்புகள் சர்க்கரையால் மங்கத் தொடங்கியிருந்தால், சூடு தெரியாது, கொப்புளம் வலிக்காது, அது புண்ணாவதும் தெரியாது. நான் பார்க்கும் பாதப் புண்களில் பல இப்படிக் கோயில் பிராகாரத்திலும் வெயில் படியிலும் ஆரம்பித்தவை.

ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வலி கிடையாது, செலவும் அதிகமில்லை. பர்வதமலை பற்றி யோசிப்பதற்கு முன், இந்த வாரமே இதைச் செய்யுங்கள். அதுவரை வெறுங்கால் ஏற்றம் எங்கும் வேண்டாம். உணர்வு குறைந்திருப்பது தெரிந்தால் மலைக்கோயிலே கூடாது என்று அர்த்தமில்லை. கல் சூடேறுவதற்குள், விடிந்ததும் ஏறி எட்டரை மணிக்குள் இறங்கிவிடுங்கள், கனமான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஷூ போடக்கூடிய இடங்களையே அதிகம் தேர்ந்தெடுங்கள். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் இடிபட்டுக் கறுக்கும். ஒரு வாரமாவது வீட்டுப் பக்கத்தில் போட்டு நடந்த பிறகே மலைக்கு எடுத்துப் போங்கள். திரும்பி வந்த இரவு, விரலிடுக்கு உட்பட பாதம் முழுவதையும் பாருங்கள். கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காதீர்கள்.

பர்வதமலைக்கு முன்னால்

திருக்கழுக்குன்றம் 500 அடி. பர்வதமலை 4,560 அடி என்பார்கள். நடுவில் எதையும் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் பார்க்கிறீர்கள். அதன் மேற்பகுதியில் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டிய பாறைகள் உண்டு. அங்கே கை நடுங்கினால் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். அதுவும் இரவில். உறக்கம் கெட்டு, சாப்பாட்டு நேரம் மாறி, இருட்டில் கால் வைக்கும் இடம் தெரியாமல். முதல் முறை போகிறவருக்கு, சர்க்கரை உள்ளவருக்கு, இரவு ஏற்றத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பகலில், நாலு மாதம் பழகிய பிறகு, மேலே சொன்ன பரிசோதனைகள் சரியாக இருந்தால், யோசிக்கலாம். தை மாதம் முடியவில்லை என்றால் அடுத்த வருடம். மலை எங்கும் போகாது.

அதற்குள் ஏற வேண்டிய இடங்களுக்குச் சென்னையைச் சுற்றிப் பஞ்சமே இல்லை. வாரநாளில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதை உங்களுக்குப் பக்கம். குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு நூறு படிகூட இல்லை. பரங்கிமலை 300 அடி. திருக்கழுக்குன்றத்தை இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டு, அதிகாலையில், இன்னொரு முறை ஏறிப் பாருங்கள். அதே படியில் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது எந்தப் பரிசோதனைக் கூடமும் கொடுக்காத தகவல். நடைதூரம் வேண்டுமென்றால் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் குடியம் குகைகள். ஆதி மனிதர் கற்கருவிகளோடு வாழ்ந்த பகுதி அது. 1863-இல் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்த கதை உங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். உயரம் வேண்டுமென்றால் செஞ்சி. அங்குள்ள ராஜகிரிக் குன்று 800 அடி, ஷூ போட்டு ஏறலாம், செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதில் திணறாமல் ஏறி இறங்கி, மறுநாள் அலுவலகத்துக்கு நொண்டாமல் போனீர்கள் என்றால், பர்வதமலைப் பேச்சை எடுக்கலாம்.

காட்டுப் பாதை என்றால் அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு "ட்ரெக் தமிழ்நாடு" என்று 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, இணையத்தில் முன்பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்திருக்கிறது. குடியமும் அதில் உண்டு. தீப் பருவத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, காட்டுப் பாதைகளை மூடுவது வழக்கம். வழிகாட்டி இருப்பது ஒரு மருத்துவனுக்கும் நிம்மதி: எந்தப் பக்கம் இறங்கினால் சாலை, எங்கே செல்பேசி எடுக்கும் என்று அவருக்குத் தெரியும். யாராவது வெயிலில் குழறிப் பேச ஆரம்பித்தால், நடை தள்ளாடினால், அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கோயில் மலைக் குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள், "சின்னக் கீறல்தானே" வேண்டாம்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல். அவர் தடுப்பது பயத்தால் என்றுதான் கடிதத்தில் தெரிகிறது. "நான் போவேன்" என்று வாதாடுவதைவிட, மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய இதயக் கேள்வியை அவரே கேட்கட்டும். உங்களுக்கு மலையேறும் உரிமை இருக்கிறதா என்பது விவாதமே இல்லை. ஆறு வருடச் சர்க்கரை உள்ள ஒருவர் மாதம் ஒரு நாளாவது நாலு மணி நேரம் நடக்கிறார் என்றால், எந்த மருத்துவரும் அதை நிறுத்தச் சொல்ல மாட்டார். மாதம் ஒரு நாள் போதாது என்றுதான் சொல்வார். வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும், நடுவில் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறுகிற உடம்புக்குத்தான் காயமும் களைப்பும் அதிகம்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள், பெயரை வாயால் சொல்ல வேண்டாம். போவதற்கு முன் ஒரு வாரம் காலை வெறும் வயிற்றிலும் இரவு படுக்கும்போதும் விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். நடந்த நாள் எது, நடக்காத நாள் எது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை எவ்வளவு மாற்றுவது என்று முடிவு செய்ய முடியும். செருப்பைக் கழற்றி முதலில் பாதத்தைக் காட்டுங்கள்.